ஹார்ட்விக் ஹால்: சுவரைவிடக் கண்ணாடி மிகுந்த கல் வீடு (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

இங்கிலாந்தின் டெர்பிஷயர் மாவட்டத்தில் ஒரு குன்றின் விளிம்பில் நிற்கும் ஹார்ட்விக் ஹால், 1590களில் கட்டப்பட்ட மாளிகை. இங்கிலாந்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் லண்டனைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நெடுஞ்சாலையில் வடக்கே போகிறவர்கள் கார் ஜன்னல் வழியே இதைப் பார்த்து, "அது என்ன கட்டடம்?" என்று கேட்கிறார்கள். அப்படிக் கேட்டவர்களுக்காகவும், இங்கிலாந்தில் "பட்டியலிடப்பட்ட கட்டடம்" என்றால் என்ன என்று அறிய விரும்புகிறவர்களுக்காகவும் இந்தப் பக்கம்.

இது எங்கே இருக்கிறது? கோட்டையா, அரண்மனையா?

இரண்டும் இல்லை, வீடு. செஸ்டர்ஃபீல்டுக்கும் மேன்ஸ்ஃபீல்டுக்கும் இடையில், எம்1 நெடுஞ்சாலையின் 29ஆம் சந்திப்புக்கு அருகில் இருக்கிறது. அகழியும் இல்லை, அம்பெய்யும் துளைகளும் இல்லை. பகைவரை எதிர்பார்த்த கட்டடத்தில் இத்தனை கண்ணாடியை யாரும் வைக்கமாட்டார்கள். விருந்தினர் வர வேண்டும், வாய் பிளக்க வேண்டும் என்பதற்காகவே கட்டிய வீடு இது.

அங்கே இரண்டு மாளிகைகள் இருப்பதாகச் சொல்கிறார்களே?

உண்மைதான். புதிய மாளிகைக்குச் சில நூறு அடி தள்ளிக் கூரையில்லாமல் நிற்பது பழைய ஹார்ட்விக் ஹால். 1580களின் பிற்பகுதியில் அதன் வேலை தொடங்கியது. அது முடிவதற்குள்ளேயே பக்கத்தில் புதிய மாளிகைக்கு அடித்தளம் போட்டார்கள். சில ஆண்டுகள் இரண்டு வேலைகளும் ஒரே நேரத்தில் நடந்தன. பழையது பின்னர் பகுதி பகுதியாகப் பிரிக்கப்பட்டுச் சிதிலமானது. ஆனாலும் மேல்மாடிச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் சுதைச் சிற்பங்கள் இன்றும் இருக்கின்றன. தரை போய்விட்டதால் அவை அந்தரத்தில் தொங்குவதுபோலத் தெரியும். பழையதை இங்கிலிஷ் ஹெரிட்டேஜ் அமைப்பும், புதியதை நேஷனல் டிரஸ்ட் அமைப்பும் பராமரிக்கின்றன. கீழே வரும் பதில்கள் எல்லாம் புதிய மாளிகையைப் பற்றியவை.

கட்டியவர் யார்?

பணமும் பிடிவாதமும் பெஸ் என்ற எலிசபெத்துடையவை. சுமார் 1527இல் இதே குன்றின்மீது இருந்த ஒரு சாதாரண வீட்டில் பிறந்தவர். நான்கு முறை மணந்தார். நான்கு முறையும் கைம்பெண்ணானார். இரண்டாவது கணவர் வில்லியம் கேவண்டிஷ் வழியாகத்தான் பிள்ளைகள். இன்றைய டெவன்ஷயர் டியூக் குடும்பம் அந்த வழியில் வந்தது. நான்காவது கணவர் ஷ்ரூஸ்பரி பிரபு. அவருடன் ஏற்பட்ட சண்டை ஊர் அறிந்தது. பெஸ்ஸின் சகோதரர் கடனில் மூழ்கி இறந்த பிறகு, 1583இல் பிறந்த வீட்டுச் சொத்தை அவரே விலை கொடுத்து வாங்கினார். 1590 நவம்பரில் ஷ்ரூஸ்பரி பிரபு இறந்தபோது, நாட்டின் பெரும் பணக்காரப் பெண்களில் ஒருவராக இருந்தார். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. அந்த வயதில்தான் புதிய மாளிகையைத் தொடங்கினார். 1597 அக்டோபரில் குடியேறியபோது ஏறத்தாழ எழுபது.

வடிவமைத்தவர் யார்?

ராபர்ட் ஸ்மித்ஸன் என்பதே பொதுவாக ஏற்கப்படும் கருத்து. ஸ்மித்ஸன் கல் வேலை செய்து வளர்ந்தவர். லாங்லீட் மாளிகையிலும் நாட்டிங்காம் அருகிலுள்ள வொல்லட்டன் ஹாலிலும் கைவண்ணம் காட்டியவர். ஹார்ட்விக்கின் தரைப்படத்தை ஒத்த, சற்றே மாறுபட்ட ஒரு வரைபடம் அவருடைய குடும்பத்துத் தாள்களில் கிடைத்திருக்கிறது. ஆனால் அக்காலத்தில் "கட்டடக் கலைஞர்" என்பவர் இன்றுபோல் முழுப் பொறுப்பாளர் அல்லர். படம் ஒருவர் கொடுப்பார். கல்தச்சரும் கொத்தனாரும் அதை மாற்றுவார்கள். வீட்டுக்காரர் வந்து இன்னும் மாற்றுவார். பெஸ் மாற்றாமல் இருந்திருப்பார் என்று நம்ப எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை.

எந்தக் கல்?

மணற்கல். அதே நிலத்தில், குன்றின் சரிவிலேயே வெட்டி எடுத்தது. அக்காலத்தில் கல்லின் விலையைவிட அதைச் சுமந்து வரும் கூலி அதிகம் என்பதால், காலடியில் கல் கிடைப்பது பெரிய வரம். ஈயம், மரம், கண்ணாடி ஆகியவற்றிலும் பெஸ் இதே வழியைத்தான் பின்பற்றினார்: சொந்த நிலத்து மரம், சொந்தக் கண்ணாடிச் சூளை. கண்ணாடி அன்று ஆடம்பரப் பொருள். அதைக் கடையில் வாங்கியிருந்தால் இந்த முகப்பை நினைத்துப் பார்ப்பதே கடினம்.

வெளிச்சுவரில் சிற்ப வேலை மிகக் குறைவு. சமதளமாகச் செதுக்கிய கல், நேர்கோடுகள், ஜன்னல்கள், அவ்வளவுதான். செதுக்கு வேலை முழுவதும் உள்ளே கணப்படுப்புகளின் மேல் இருக்கிறது. அங்கே டெர்பிஷயரின் கறுப்பு நிறப் பளிங்கும் வெண்பளிங்கு போன்ற அலபாஸ்டரும் வருகின்றன.

"சுவரைவிடக் கண்ணாடி மிகை" என்ற பேச்சு எங்கிருந்து வந்தது?

"ஹார்ட்விக் ஹால்" என்ற பெயரோடு "சுவர்" என்பதற்கான ஆங்கிலச் சொல் எதுகையாக அமைவதால் பிறந்த பழைய சொலவடை அது. தமிழில் சொன்னால், "ஹார்ட்விக் மாளிகை, சுவரைவிடக் கண்ணாடி மிகை." பாராட்டா கிண்டலா என்பது சொல்பவரின் குரலைப் பொறுத்தது.

இத்தனை ஜன்னல் வைத்த பிறகு பாரத்தைத் தாங்குவது எது?

இந்த வீட்டின் மூளை இருக்கும் இடம் இந்தக் கேள்வியில்தான்.

சாதாரணமாகக் கல் வீட்டில் வெளிச்சுவர்தான் எல்லா வேலையும் செய்யும். தளத்தைத் தாங்கும், கூரையைத் தாங்கும், கணப்படுப்பையும் அதன் புகைபோக்கியையும் தன் கனத்துக்குள் வைத்துக்கொள்ளும். அப்படிப்பட்ட சுவரில் பெரிய ஜன்னல் திறந்தால் சுவர் பலவீனமாகும். புகைபோக்கி இருக்கும் இடத்தில் ஜன்னலே வைக்க முடியாது. ஹார்ட்விக்கில் புகைபோக்கிகளைப் பெரும்பாலும் உட்சுவர்களுக்குள் தள்ளிவிட்டார்கள். தடித்த சுவர்கள் வீட்டின் வயிற்றுக்குள் போய்விட்டன. வெளிச்சுவருக்கு வேலை குறைந்தது. அந்த இடத்தைக் கண்ணாடி எடுத்துக்கொண்டது.

அடுத்து, கோபுரங்கள். தரைப்படம் ஒரு நீள்சதுரம். நீண்ட பக்கம் ஒவ்வொன்றிலும் இரண்டு, குறுகிய பக்கம் ஒவ்வொன்றிலும் ஒன்று என ஆறு சதுரக் கோபுரங்கள் வெளியே துருத்தி நிற்கின்றன. மடித்த அட்டை நிற்கும், மடிக்காத அட்டை சாயும் அல்லவா? அதேபோல, முன்னும் பின்னும் மடிந்து செல்லும் சுவருக்குத் தானாகவே ஒரு விறைப்பு வந்துவிடுகிறது. அழகுக்காக வைத்ததாகத் தோன்றும் கோபுரம் சுவருக்கு முட்டுக்கொடுக்கவும் செய்கிறது.

ஜன்னல்களையும் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். தூரத்தில் ஒரே கண்ணாடிப் பரப்பாகத் தெரிவது, உண்மையில் நெடுக்கும் குறுக்குமாகப் போகும் கற்சட்டங்களின் கட்டம். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஈயப் பட்டையில் கோத்த சின்னச் சின்னக் கண்ணாடித் துண்டுகள். பெரிய கண்ணாடித் தகடு செய்யும் வித்தை அன்று இல்லை. துண்டுகள் ஒரே தளத்தில் உட்காராமல் சற்றே சாய்ந்திருப்பதால், வெயில் படும்போது ஒவ்வொன்றும் வேறு வேறு நேரத்தில் மின்னும்.

எல்லாமே உண்மையான ஜன்னல்கள்தானா?

இல்லை! சில வெறும் வேஷம். வெளியே இடமும் வலமும் ஒத்திருக்க வேண்டும் என்பதற்காக, பின்னால் புகைபோக்கியோ சுவரோ இருக்கும் இடத்திலும் கண்ணாடி பதித்திருக்கிறார்கள். வெளித்தோற்றம் சொன்னபடி உள்ளறை ஒதுங்கிக்கொண்டது. இதை நேர்மையின்மை என்று குறை சொல்லும் கட்டடக் கலை அன்பர்கள் உண்டு. எனக்கு அதில் குறை தெரியவில்லை. முகப்புக்கு என்று தனி நியாயம் உண்டு.

மேலே போகப் போக ஜன்னல் ஏன் பெரிதாகிறது?

மேலே போகப் போக மனிதர்களின் மதிப்பும் பெரிதானது என்பதால். தரைத்தளம் பணியாளர்களுக்கும் சமையலுக்கும். கூரை தாழ்வு, ஜன்னல் சிறிது. முதல் மாடி பெஸ்ஸும் குடும்பத்தாரும் அன்றாடம் புழங்கிய தளம், நடுத்தர உயரம். இரண்டாம் மாடிதான் அரசியோ பெரும் பிரபுவோ வந்தால் வரவேற்கும் தளம். ஜன்னல்கள் அங்கே விண்ணைத் தொடுகின்றன. வெளியே நின்று ஜன்னல்களின் உயரத்தைப் பார்த்தாலே உள்ளே யார் எங்கே இருப்பார்கள் என்று சொல்லிவிடலாம். இங்கிலாந்து மாளிகைகளில் பிற்காலத்தில் முதல் மாடிக்கே முதலிடம் கிடைத்தது. உச்சித் தளத்துக்கு இப்படிப் பட்டம் கட்டியது அரிது.

அந்த உச்சிக்குப் போகும் கல் படிக்கட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். அகலமான, தாழ்வான படிகள். அவசரமில்லாமல் வளைந்து, ஒரு தளத்தைக் கடந்து, வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் மாறி மாறிப் போகின்றன. கடைசித் திருப்பத்தில் உச்சிப் பெருங்கூடத்தின் கதவு. உள்ளே சுவரின் மேற்பகுதி முழுவதும் ஆப்ரகாம் ஸ்மித் என்ற கலைஞரின் சுதை வேலை: வண்ணம் தீட்டிய காடு, வேட்டைக்காரர்கள், தோழியர் சூழ வேட்டைத் தெய்வம் டயானா. அதன்கீழ் கிரேக்கக் காவிய வீரர் யுலிசீஸின் கதையை நெய்த பிரஸ்ஸல்ஸ் திரைச்சீலைகள். தரையில் கோரைப்பாய். இங்கிலாந்தில் கோரைப்பாயைப் பார்க்கும் தமிழருக்குச் சட்டென்று ஒரு நெருக்கம் தோன்றும்.

விருந்து நாளில் சமையலறையிலிருந்து உணவுத் தட்டுகள் ஊர்வலமாக இந்தப் படியேறி வந்தன. வந்து சேர்வதற்குள் ஆறித்தான் போயிருக்கும். சூடான சாப்பாட்டைவிட ஊர்வலம் முக்கியம் என்று நினைத்தவர்கள் அவர்கள்.

பெருங்கூடத்தை அடுத்து நெடுங்கூடம்: நீளம் 160 அடிக்கு மேல், கிழக்கு முகப்பு முழுவதையும் அணைத்துக்கொண்டு ஓடுகிறது. மழைநாளில் வீட்டுக்குள்ளேயே உலாவுவதற்கான இடம். அங்கே விவிலிய வீரர் கிதியோனின் கதையை நெய்த திரைச்சீலைகள் பதின்மூன்று தொங்குகின்றன. பெஸ் இவற்றை 1592இல் கிறிஸ்டோபர் ஹாட்டன் என்ற அரசவைப் பிரமுகரின் வாரிசிடமிருந்து வாங்கினார். ஹாட்டனின் குலச்சின்னம் நெய்யப்பட்டிருந்ததால், அதை மறைக்கும் செலவுக்கென்று விலையில் ஐந்து பவுண்டு குறைக்கச் செய்தார். நெய்தவர்கள் கேட்டிருந்தால் வருந்தியிருப்பார்கள்.

கூடத்தைத் திருப்பிப் போட்டதில் அப்படி என்ன புதுமை?

பழைய ஆங்கிலேய வீடுகளில் பெரிய கூடம் முகப்புக்கு இணையாக, நீளவாக்கில் படுத்திருக்கும். வாசல் அதன் ஒரு ஓரத்தில் நுழையும். அப்படி இருந்தால் வாசல் நடுவில் வராது, முகப்பும் ஒத்துப் போகாது. ஹார்ட்விக்கில் கூடத்தைத் தொண்ணூறு பாகை திருப்பி, முன்வாசலிலிருந்து நேர் பின்னோக்கி ஓடவிட்டார்கள். வாசல் நடுவில் வந்தது. இடமும் வலமும் சமமாயின. இரண்டு தள உயரமுள்ள அந்தக் கூடம் அதற்குள் வீட்டுத் தலைவர்கள் உண்ணும் இடம் என்ற பழைய மதிப்பை இழந்து, பணியாளர் கூடும் இடமாகியிருந்தது. மதிப்பு குறைந்த அறையைத் திருப்பிப் போடுவதில் யாருக்கும் மனத்தடை இருந்திருக்காது.

கோபுர உச்சியில் இருக்கும் எழுத்துகள்?

"இ", "எஸ்" என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள், எலிசபெத் ஷ்ரூஸ்பரி. மேலே பிரபு குலப் பெண்ணுக்குரிய கிரீடம். வானத்தைப் பின்னணியாக்கிக் கல்லில் குடைந்து வைத்திருப்பதால் மைல் கணக்கில் தள்ளியிருந்தும் படிக்கலாம். அடக்கம் இந்த வீட்டில் எங்கும் கிடையாது.

இவ்வளவு கண்ணாடி, இங்கிலாந்துக் குளிர்… எப்படி வாழ்ந்தார்கள்?

நடுங்கிக்கொண்டு. 1601இல் வீட்டுப் பொருள்களை அறை அறையாக எழுதி வைத்த ஒரு பட்டியல் இன்றும் இருக்கிறது. அதில் பெஸ்ஸின் படுக்கையறையில் அடுக்கடுக்காகத் திரைகள், போர்வைகள், கம்பளங்கள். உச்சித் தளத்தின் பகட்டை விருந்தாளிக்கு விட்டுவிட்டு, அவர் முதல் மாடியில் சிறிய அறையில் போர்த்திக்கொண்டு கணக்கு பார்த்திருக்கிறார். சுவரில் தொங்கும் திரைச்சீலைகள்கூட அழகோடு குளிரையும் தடுக்கவே.

ஸ்காட்லாந்து அரசி மேரியை இங்கே சிறை வைத்தார்களாமே? முதலாம் எலிசபெத் வந்து தங்கினாராமே?

இரண்டும் தவறு. மேரி பல ஆண்டுகள் ஷ்ரூஸ்பரி பிரபுவின் காவலில் இருந்தது உண்மை. ஆனால் 1587இல் அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. இந்த மாளிகைக்கு அடித்தளம் போட்டது அதற்குப் பிறகு. "மேரி அறை" என்று ஓர் அறைக்குப் பெயர் இருப்பதால் குழப்பம் நீடிக்கிறது. எலிசபெத் அரசிக்காக உச்சித் தளத்தில் அரச சின்னம் பொறித்துக் காத்திருந்தார்கள். அவர் வரவே இல்லை.

நானூறு ஆண்டுகளாக மாறாமல் இருப்பது எப்படி?

புறக்கணிப்பினால். பெஸ்ஸின் வழித்தோன்றல்கள் சாட்ஸ்வர்த் மாளிகையை முதன்மை வீடாக்கிக்கொண்டார்கள். காசும் நாகரிகமும் அங்கே போயின. சாட்ஸ்வர்த்தை இடித்து இடித்துக் கட்டினார்கள். ஹார்ட்விக் இரண்டாவது வீடாகக் கிடந்தது. அந்தக் குடும்பத்தின் ஆசிரியராக வாழ்ந்த தத்துவ அறிஞர் தாமஸ் ஹாப்ஸ் 1679இல் இங்கேதான் இறந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆறாம் டியூக், வீட்டின் பழமையை இன்னும் பழமையாகக் காட்ட ஆசைப்பட்டுச் சில பொருள்களைக் கொண்டுவந்து சேர்த்தாரே தவிர, சுவரில் கை வைக்கவில்லை. 1950இல் பத்தாம் டியூக் இறந்ததும் வந்த பெரும் வாரிசு வரிக்கு ஈடாக வீடு அரசுக்குப் போய், 1959இல் நேஷனல் டிரஸ்டிடம் வந்தது.

"பட்டியலிடப்பட்ட கட்டடம்" என்றால் என்ன?

இங்கிலாந்தில் வரலாற்று, கட்டடக் கலை மதிப்புள்ள கட்டடங்களைச் சட்டப்படி ஒரு பட்டியலில் சேர்க்கிறார்கள். மூன்று தரங்கள்: முதல் தரம், நட்சத்திரமிட்ட இரண்டாம் தரம், இரண்டாம் தரம். பட்டியலில் முதல் தரத்தில் இருப்பவை சுமார் 2.5 விழுக்காடு மட்டுமே. ஹார்ட்விக் அவற்றில் ஒன்று. நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் இரண்டாம் தரம்தான். நம்மவர் பலர் "இரண்டாம் தரம் என்றால் கட்டுப்பாடு குறைவு" என்று எண்ணி வீடு வாங்கிவிடுகிறார்கள். தரம் எதுவானாலும் அனுமதி விதி ஒன்றே. உட்புறமும் அதில் அடக்கம்; "முகப்பைத் தொடவில்லை, உள்ளே கணப்படுப்பைத்தான் எடுத்தேன்" என்ற வாதம் எடுபடாது. உள்ளூர் மன்றத்தின் அனுமதியின்றி அதன் தன்மையை மாற்றினால் அது குற்றவியல் குற்றம். இரண்டு ஆண்டுவரை சிறையும் உண்டு.

கல் தேய்ந்தால் சிமென்ட் பூசிச் சரிசெய்யக் கூடாதா?

கூடவே கூடாது. மணற்கல் ஈரத்தை உறிஞ்சும், பிறகு வெளியே விடும். இணைப்புகளில் இருக்கும் சுண்ணாம்புச் சாந்து கல்லைவிட மென்மையானது. ஈரம் அதன் வழியாக வெளியேறும், தேய வேண்டியதும் அதுவே. ஐம்பது, நூறு ஆண்டுக்கு ஒருமுறை சாந்தைப் புதுப்பித்தால் கல் பிழைக்கும். சிமென்ட் வைத்தால் கணக்கு தலைகீழாகிறது. ஈரம் சிமென்டைத் தாண்ட முடியாமல் கல்லுக்குள்ளேயே தங்கும். உறைபனியில் அது விரிந்து, கல்லின் முகம் ஏடு ஏடாக உரிந்து விழும். சாந்து அப்படியே நிற்கும், கல் போய்விடும்.

மாற்றுக் கல் வைப்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. மணற்கல் அடுக்கடுக்காகப் படிந்து உருவானது. பூமிக்குள் எப்படிப் படுத்திருந்ததோ அப்படியே சுவரிலும் படுக்க வைக்க வேண்டும். நிமிர்த்தி வைத்தால் பழைய புத்தகத்தின் தாள்போல அடுக்குகள் கழன்றுவிடும். நல்ல கல்தச்சர் கல்லைப் பார்த்த மாத்திரத்தில் அதன் படுக்கையைச் சொல்லிவிடுவார்.

சுண்ணாம்போடு தொடர்புடைய ஒரு கதையும் உண்டு. கட்டட வேலை நிற்காதவரை பெஸ்ஸுக்குச் சாவு இல்லை என்று யாரோ குறி சொன்னார்களாம். 1608 பிப்ரவரியில் கடும் உறைபனி. சாந்து குழைக்க முடியாமல் கொத்தனார்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்ற நாளில் அவர் இறந்தாராம். குறி கதையாக இருக்கலாம். பனியில் சுண்ணாம்புச் சாந்து வேலை செய்ய முடியாது என்பதும், அவர் அந்த மாதம் இறந்தார் என்பதும் உண்மை.

உள்ளே போனால் இருட்டாக இருக்கிறதே, அத்தனை ஜன்னல் இருந்துமா?

ஆம், மறைப்புகளை இறக்கி வைத்திருக்கிறார்கள். வெயில் நெசவின் சாயத்தைத் தின்றுவிடும். பதின்மூன்று கிதியோன் திரைச்சீலைகளைச் சுத்தம் செய்து பழுது பார்க்க 24 ஆண்டுகள் ஆயின. 2023இல்தான் கடைசித் திரை மீண்டும் தொங்கியது. இனி அவற்றை வெயிலில் விட யாருக்கும் மனம் வராது. வெளிச்சத்துக்காகவே கட்டிய வீட்டில், வெளிச்சத்தை அளந்து அளந்து உள்ளே விடுகிறார்கள். முதன்முறை போகிறவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். கண் பழகச் சில நிமிடங்கள் கொடுத்தால் தங்க நூல் தெரியத் தொடங்கும்.

எந்த நேரத்தில் போய்ப் பார்ப்பது நல்லது?

முன்வாசல் மேற்கு நோக்கியது. உள்ளே பார்ப்பதை மதியத்திலேயே முடித்துக்கொண்டு, மாலையில் வெளியே முற்றத்தில் நில்லுங்கள். வெயில் சாயும் நேரத்தில் மணற்கல் தேன் நிறமாகும். பிறகு ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் தீப்பற்றும், உச்சித் தளம்தான் கடைசியில் அணையும். குன்றின்மேல் காற்று பலமாக அடிக்கும். ஸ்வெட்டர் எடுத்துச் செல்லுங்கள்.